வாலும் பொட்டும் ஜோடித் தோடும்

"இருடி, இருடி. அங்க ஒரு வாலு விட்டுப்போச்சு."

கச்சான் மடித்து வந்த காகிதத்தைப் பிரித்து, கடலையை முந்தானையில் கொட்டிக்கொண்டு, கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவுகிறாள் பவுனம்மாள். காகிதம் பழைய இங்கிலீஷ் பத்திரிகைத் துண்டு. ஒரு மூலையில் எண்ணெய்க் கறை. சிங்கப்பூருக்கு ஏதோ கப்பல் வந்த சமாசாரம் அதில் இருக்கிறது. கப்பல் வந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். இறங்கியவர்களெல்லாம் வீடு போய்ச் சேர்ந்து, கொண்டுவந்த துணிமணி கிழிந்தும் போயிருக்கும். அவளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. நாக்கு நுனியில் பென்சிலைத் தொட்டு, அச்சடித்தவன் அசந்துவிட்ட இடத்தில் பூனைவால் மாதிரி ஒன்றை இழுத்த பிறகுதான் கடலை வாய்க்குப் போகும்.

கிள்ளான் ஆற்றோரத்தில், ரப்பர்ப் பாலில் செய்த கித்தா ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் கிடங்கு ஒன்று இருக்கிறது. அதன் பின்புறம் வேலையாட்களுக்கான ஆறு வீட்டு லயம். மூன்றாவது வீடு அவளுடையது. கணவர் கன்னையா புகைக்கூடத்தில் அடுப்பு பார்க்கிறவர். நெருப்பு ஏறவும் கூடாது, அணையவும் கூடாது, அதுதான் உத்தியோகம். ஒரே மகள் தங்கமணி, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற இங்கிலீஷ் பெண் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. வீட்டில் எதைத் தொட்டாலும் புகை வாசனை. தங்கமணியின் நோட்டுப் புத்தகத்தை வகுப்பில் கண்ணைக் கட்டிக்கொண்டும் கண்டுபிடிக்கலாம் என்று கூடப் படிக்கிற பெண்கள் கேலி செய்வார்கள்.

பவுனம்மாளுக்கு முப்பத்தெட்டு வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் மூன்றாவது வரை. இங்கிலீஷ் தொடங்கியது மகளோடு. மகள் சிலேட்டில் முதல் எழுத்தைப் போட்ட அன்று, அம்மிக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் இவளும் விரலால் போட்டாள். மகள் ஒவ்வொரு வகுப்பாக ஏற, இவளும் அடுப்படியில் உட்கார்ந்தபடியே ஏறினாள். பேசச் சொன்னால் நான்கு வார்த்தைக்கு மேல் வராது, வெட்கம் பிடுங்கித் தின்னும். ஆனால் எழுதிய வாக்கியத்தை முன்னால் வையுங்கள். எங்கே நிற்க வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும், யார் பேசுகிறார் என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவாள்.

பள்ளிக்கூடப் புத்தகத்தின் கடைசியில் குறி ஒன்றும் இல்லாமல் மொட்டையாகச் சில பாராக்கள் அச்சடித்திருக்கும். குறி போட்டுத் திருத்தி எழுத வேண்டும். அதற்குப் பள்ளிக்கூடத்தில் வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. பவுனம்மாள் வைத்திருக்கும் பெயர் அலங்காரம். வாக்கியம் முடிந்தால் பொட்டு. நடுவில் நின்றால் வாலு. பொட்டும் வாலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருப்பதைக் கண்டால் அவளுக்குச் சந்தேகம்: "இது பொண்ணா மாப்பிள்ளையான்னே தெரியலையே" என்பாள். கேள்வி கேட்டால் கொக்கி. ஒருவர் வாயால் பேசியதை அப்படியே எழுதினால், பேச்சுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மேலே தொங்குகிறதே, அது ஜோடித் தோடு.

"பேச்சுன்னா காது இருக்கணும்ல? காது இருந்தா தோடு இருக்கணும்" என்பது அவளுடைய இலக்கணம்.

வினைச்சொல்லுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். "ஒத்தையா ஒருத்தி போனா எஸ்ஸு பின்னாலயே வரணும், முந்தானை மாதிரி. கூட்டமா போனா யார் முந்தானையைப் பாக்கறா? எஸ்ஸு வேணாம்." தங்கமணி இதைப் பரீட்சையில் மனசுக்குள் சொல்லிக்கொண்டே எழுதி, வகுப்பில் முதலாவதாக வந்திருக்கிறாள்.

சனிக்கிழமை மத்தியானம் லயத்துப் பெண்பிள்ளைகள் நான்கைந்து பேர் நோட்டும் கையுமாக வந்துவிடுவார்கள். பவுனம்மாள் அவர்களுக்குச் சொல்லித் தருகிறாள் என்று நினைத்தால் தப்பு. அவள் போட்டிக்கு உட்காருகிறாள். ஒரே பாராவை எல்லோரும் எழுதுவார்கள். எழுதி முடித்ததும் நோட்டு கைமாறும். புத்தகத்தில் விடை பார்த்து மார்க்குப் போடுவார்கள். அப்போது நடக்கும் கூச்சல் ஆற்றில் தொங்காங் படகு ஓட்டிப் போகிறவனுக்கும் கேட்கும். ஒருமுறை தங்கமணிக்கு இருபதுக்கு இருபது, பவுனம்மாளுக்குப் பத்தொன்பது. ஒரு மார்க்கு எங்கே போயிற்று என்று தாய் மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"பொட்டைத் தோட்டுக்கு வெளிய வச்சுட்டீங்கம்மா. உள்ளாற வைக்கணும்."

"வாக்கியம் முடியுற எடத்துலதானேடி வச்சேன்?"

"முகத்துல பொட்டு எங்க இருக்கு? ரெண்டு தோட்டுக்கும் நடுவுலதானே? காதுக்கு அந்தப் பக்கம் யாராச்சும் பொட்டு வச்சுப்பாங்களா?"

 பவுனம்மாள் பிடரியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று முழுக்க, சோறு வடிக்கும்போதும், கொடியில் துணி போடும்போதும், "உள்ளாற, உள்ளாற" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். கன்னையா, "என்னாத்தடி உள்ளாற வைக்கச் சொல்ற?" என்று கேட்டு, ஈரத் துணிகளைத் தூக்கி வீட்டுக்குள்ளே வைத்துவிட்டார்.

பாசாருக்குப் போனாலும் சும்மா வரமாட்டாள். துணிக்கடை சனாவுல்லா புதுப் பலகை மாட்டியிருந்தார். அதில் 'சனாவுல்லா அண்டு சன்ஸ்' என்று இங்கிலீஷில் எழுதி, கடைசி எழுத்துக்கு முன்னால் வாலு ஒன்று உயரத்தில் தொங்கியது.

"பாய், இந்த வாலு இங்க எதுக்கு?"

"எழுதுனவன் சும்மா போட்டுக் குடுத்தான் தங்கச்சி. பாக்க அழகா இல்ல?"

"அழகுக்குன்னு மூக்குத்தியக் கொண்டுபோயி முழங்கையில குத்திக்குவீங்களா?"

சனாவுல்லா வாய்விட்டுச் சிரித்தார். "எனக்கு இருக்குறது ரெண்டும் பொட்டப் புள்ள. மகன்களே இல்ல. அதக் கண்டுக்காம, வாலப் புடிச்சிக்கிட்டு நிக்கிறியே லா!"

ஆனால் மறுவாரம் பவுனம்மாள் போனபோது அந்த வாலின்மேல் சுண்ணாம்பு பூசியிருந்தது.

இப்படியாக, அந்த வீட்டிலிருந்து குறி தவறி ஒரு காகிதம் வெளியே போனதில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர், பக்கத்து வீட்டுக்காரியின் ஆஸ்பத்திரிக் கடுதாசி, எதுவானாலும் கொண்டைப் பென்சிலைத் தாண்டித்தான் போகும். தாண்டாமல் போனது ஒரே ஒரு காகிதம். அது போன மாசி மாதம்.

காப்பார் ஊரில் பவுனம்மாளின் தம்பி பெண்சாதிக்குப் பிரசவம். நாலைந்து நாள் இருந்துவிட்டு வரலாம் என்று சனிக்கிழமை காலையில் கிளம்பிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் கிடங்கில் விறகு தீர்ந்துவிட்டது. "நீ போயி வண்டியில விறகு ஏத்திக்கிட்டு வா கன்னையா, அடுப்ப நான் பாத்துக்கறேன்" என்றார் மண்டோர் நாகையா. அடுப்பு ஆட்களுக்கெல்லாம் மேலாள் அவர். கன்னையா விறகோடு திரும்பியபோது புகைக்கூடத்திலிருந்து கரும்புகை புரண்டு வந்தது. ஒரு வரிசை ஷீட்டு முழுக்கக் கருகி உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. நாகையா வெளியே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "நான் தூங்கிட்டேன் கன்னையா" என்றார். அவ்வளவுதான் நடந்தது.

திங்கட்கிழமை, கிடங்கு மேனேஜரான வெள்ளைக்காரத் துரை, நடந்ததைக் கன்னையா எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் இங்கிலீஷில் என்று சொல்லிவிட்டார். கன்னையா சொல்லச் சொல்லத் தங்கமணி எழுதினாள். விறகுக்குப் போனேன். திரும்பி வந்தேன். பெரிய புகையாக இருந்தது. கடைசி வரிக்கு வந்ததும் கன்னையா நாகையா மாதிரியே தலையில் கை வைத்து, அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார்: நான் தூங்கிட்டேன்னு மண்டோர் சொன்னாரு.

தமிழில் ஒருதரம் சொல்லிப் பாருங்கள். தூங்கியது மண்டோரா, சொல்கிற ஆளா? சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால் தெரியும். கை யாருடைய தலைக்குப் போகிறது என்று பார்த்தால் தெரியும். காகிதத்துக்கு முகமும் கிடையாது, கையும் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இங்கிலீஷ்காரன் தோட்டைக் கண்டுபிடித்தான். தங்கமணி கடைசி வரியைக் காகிதத்தின் அடி ஓரத்தில் நெருக்கி எழுதினாள். பள்ளிக்கூட மணி அடிக்க நேரமாகிவிட்டது. 'மண்டோர் செட் ஐ ஸ்லெப்ட்.' வார்த்தைகள் நான்கும் சரி. வாலு இல்லை, தோடு இல்லை, பொட்டு கூட இல்லை. கீழே கன்னையா கைநாட்டு வைத்தார்.

துரை அதை எப்படிப் படித்தாரோ அதுதான் நியாயமான படிப்பு. எழுதிய ஆள் தூங்கினான் என்று மண்டோர் சொல்லியிருக்கிறார். எழுதிய ஆளும் அதை மறுக்கவில்லை, கைநாட்டே வைத்திருக்கிறான். சனிக்கிழமைக்குள் லயத்து வீட்டைக் காலி பண்ணு என்று நோட்டீசு வந்துவிட்டது. கன்னையா ஓடிப்போய், தூங்கியது மண்டோர்தான் என்று சொன்னார். துரை காகிதத்தை விரலால் தட்டி, "நீ எழுதினான். நீ கை வச்சான்" என்றார். நாகையாவைக் கேட்டதற்கு அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எழுதியிருக்கிறபடிதான் துரை" என்று சொல்லிவிட்டார். பொய்யும் இல்லை. மெய்யும் இல்லை.

புதன்கிழமை பவுனம்மாள் காப்பாரிலிருந்து வந்தபோது வீட்டில் பாதிச் சாமான் மூட்டை கட்டியாகிவிட்டது.

"விடு பவுனு" என்றார் கன்னையா. "கேரித் தீவுல மச்சான் இருக்கான். அங்க ரப்பர்த் தோட்டத்துல பால் மரம் வெட்டப் போயிடலாம்."

"அங்க இங்கிலீஷ் பள்ளிக்கூடம் இருக்கா?"

கன்னையா மூட்டையின் முடிச்சை இறுக்கினார். ஆற்றைத் தாண்டி, படகு ஏறி, தினமும் ஒரு பெண்பிள்ளை கிள்ளானுக்கு வந்து போக முடியாது என்பது மூன்று பேருக்கும் தெரியும். மூலையில் தங்கமணி அழுது வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

பவுனம்மாள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். "என்ன எழுதினே? ஒரு வார்த்தை விடாம சொல்லு."

தங்கமணி சொன்னாள். கடைசி வரி வந்ததும் பவுனம்மாளின் கை தானாகக் கொண்டைக்குப் போயிற்று.

"தோடு போட்டியா?"

தங்கமணி தலையை ஆட்டினாள், இல்லை என்று.

 பவுனம்மாள் நிமிர்ந்த வேகத்தில் கன்னையாவே பயந்துவிட்டார். அவள் முகத்தில் கோபம் இல்லை. சனிக்கிழமைப் போட்டியில் எல்லோருக்கும் முன்னால் தப்பைக் கண்டுபிடித்துவிட்டவளின் முகம் அது. "அட, இவ்வளவுதானா! தோடு இல்லாமப் போயிருக்கு, அவ்வளவுதானே! மூட்டைய அவுருங்க. சட்டிய எடுத்து வைங்க. நாளைக்குக் காலையில சோறு பொங்கணும்!"

வியாழக்கிழமை காலையில் தலை குளித்து, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்து, ஆபீஸ் படி ஏறினாள். பின்னால் கன்னையா. உள்ளே துரை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். நாகையா கதவோரம் நின்றார்.

"யார் இந்தப் பொம்பளே?"

"கன்னையா பெஞ்சாதிங்க துரை. அந்தக் கடுதாசிய ஒருதரம் காட்டுங்க."

"எழுத்து முடிஞ்சு போறான். நீ என்ன பாக்கறான்?"

துரை தமிழ் பேசினால் பொட்டும் இருக்காது, வாலும் இருக்காது, ஆணும் பெண்ணும் ஒரே பந்தியில் உட்காரும். வேறு சமயமாக இருந்தால் அதையும் திருத்தியிருப்பாள். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் நகருகிறவளாக இல்லை என்று தெரிந்ததும் துரை அலுத்துப்போய்க் காகிதத்தை எடுத்து மேசையில் போட்டார். பவுனம்மாள் கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். துரையின் கை பட்டென்று காகிதத்தின்மேல் விழுந்தது.

"எழுதக் கூடாது! கை வச்ச பேப்பர். யாரும் எழுதக் கூடாது!"

அது நியாயம்தான். கைநாட்டு வைத்த காகிதத்தில் அப்புறம் ஒரு புள்ளி சேர்ந்தாலும் தப்பு. பவுனம்மாள் பென்சிலைத் திரும்பவும் கொண்டையில் செருகினாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள். பார்வை நாகையாவின் மடியில் செருகியிருந்த வெற்றிலைப் பையில் போய் நின்றது.

"மண்டோரே, ஒரு வெத்தலக் காம்பு குடுங்க."

எதற்கு என்று புரியாமலே நாகையா ஒரு காம்பைக் கிள்ளிக் கொடுத்தார். பவுனம்மாள் அதை நகத்தால் கொஞ்சமாக வெட்டி, வளைத்து, காகிதத்தில் 'செட்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் அடியில் வைத்தாள். துரை குனிந்து பார்த்தார். அது வாலு.

அடுத்தது தோடு. வலது காதில் கை வைத்தாள். கல்யாணத்தன்று மாட்டிய சிவப்புக்கல் தோடு அது. பதினாறு வருஷமாகக் கழற்றியதில்லை. புகையும் எண்ணெயும் ஏறித் திருகாணி இறுகிக் கிடந்தது. திருகினாள். வரவில்லை. முந்தானையால் பிடித்துத் திருகினாள். காது மடல் சிவந்துவிட்டது. "விடு பவுனு, காது கிழிஞ்சிடப்போவுது" என்றார் கன்னையா. "சும்மா இருங்க, வருது, வருது!" என்றாள். வந்தது. காகிதத்தில் 'ஐ' என்ற எழுத்துக்கு முன்னால், கொஞ்சம் மேலே தூக்கினாற்போல் அதை வைத்தாள். இடது காதுத் தோடு சண்டை போடாமல் கழன்றது. அதை 'ஸ்லெப்ட்' முடிகிற இடத்தில் வைத்தாள்.

"இப்பப் படிங்க துரை."

துரை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். முதலில் உதட்டுக்குள் படித்தார். பிறகு ஒரு தோட்டைச் சுண்டுவிரலால் தள்ளிவைத்துவிட்டுப் படித்தார். மறுபடி அதை இருந்த இடத்திலேயே கொண்டுவந்து வைத்துச் சத்தமாகப் படித்தார். வாலு வந்த இடத்தில் மூச்சு வாங்கி நின்றார். நின்ற இடத்திலிருந்து எழும்பியபோது குரல் மாறியிருந்தது. அது இப்போது வேறொரு ஆளின் பேச்சு. வேறொரு ஆள் தலையில் கை வைத்துச் சொன்ன பேச்சு.

துரை நிமிர்ந்தார்.

"நாகையா. யார் தூங்கறான்?"

காகிதத்தில் எழுதியிருக்கிறபடி என்று சொல்ல இனி வழியில்லை. காகிதத்தில் எழுதியிருப்பதுதான் இப்போது சிவப்புக்கல்லாக மின்னுகிறதே! நாகையா கையில் மிச்சம் இருந்த வெற்றிலையைப் பார்த்தார். தான் கொடுத்த காம்பு மேசையில் இருப்பதைப் பார்த்தார்.

"நான்தான் துரை" என்றார். "குளிர் காய்ச்சல். கண்ணு சொருகிடுச்சு. அன்னிக்கே கன்னையாகிட்ட சொன்னேன். உங்ககிட்டச் சொல்லத்தான் பயம்."

 "காய்ச்சல் இருந்தால் சொல்றான். தூங்கறான் இல்லை" என்றார் துரை. பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, காலி பண்ணச் சொன்ன நோட்டீசின் நகலை எடுத்து, இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். கன்னையாவின் தோள் கீழே இறங்கியது. நாலு நாளாக அது மேலேதான் நின்றிருந்தது.

வெளியே சன்னல் பக்கம் லயமே திரண்டு நின்றது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய தங்கமணி, புத்தகப் பையோடு கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். "அம்மா! அம்மா!" என்று அங்கிருந்தே கத்தினாள். யாரோ கை தட்டினார்கள். துரைகூடச் சிரித்துவிட்டார். தோடுகளை எடுத்துப் பவுனம்மாளிடம் நீட்டுவதற்காகக் காகிதத்தின் மேல் கையைக் கொண்டுபோனார்.

"கொஞ்சம் இருங்க துரை. இன்னும் முடியல."

துரையின் கை அந்தரத்தில் நின்றது. பவுனம்மாள் வலது மோதிர விரலால் தன் நெற்றிக் குங்குமத்தைக் கலைக்காமல் தொட்டாள். குனிந்து, வாக்கியம் முடிகிற இடத்தைக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். விரல் முதலில் இரண்டாவது தோட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று. சன்னலில் தங்கமணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விரல் நின்றது, யோசித்தது, திரும்பி வந்தது. தோட்டுக்கு உள்ளே, கடைசி எழுத்தை ஒட்டி, சிவப்பாக, அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள்.